இமேஜ் வியூவரில் ஆல்ஃபா: டிரான்ஸ்பரன்ட் பகுதிக்குப் பின்னால் எதைக் காட்டுவது?

நிறமாலை:

வணக்கம். க்யூட்டி என்ற மென்பொருள் நூலகமும் ஓபன்ஜிஎல் என்ற கிராஃபிக்ஸ் இடைமுகமும் வைத்து ஒரு இமேஜ் வியூவர் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆல்ஃபா (ஒவ்வொரு பிக்சலும் பின்னால் இருப்பதை எவ்வளவு மறைக்கும் என்ற அளவு; 0 என்றால் முழு டிரான்ஸ்பரன்ட், 255 என்றால் முழு மறைப்பு) உள்ள படங்களில் இரண்டு விஷயம் தீராமல் நிற்கிறது.

ஒன்று, பின்னணி. இப்போது விண்டோவின் நிறமே தெரிகிறது. டார்க் தீமில் கறுப்பு லோகோவைத் திறந்தால் ஒன்றுமே தெரிவதில்லை. எப்போதும் வெள்ளை போடுவோம் என்கிறார் ஒருவர். போட்டோஷாப் போலச் சாம்பல் கட்டம் என்கிறார் இன்னொருவர். பிஎன்ஜி ஃபைலுக்குள்ளேயே பிகேஜிடி என்று ஒரு பின்னணி நிறம் வருகிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் மூன்றாமவர்.

இரண்டு, வெட்டியெடுத்த உருவத்தைச் சுருக்கிப் பார்க்கும்போது அதைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு வருகிறது. 100 சதவீதத்தில் இல்லை. அதே ஃபைல் பிரவுசரில் சரியாகத் தெரிகிறது.

அச்சுக்கோப்பவர்:

டீஃபால்ட் கட்டம்தான். ஆனால் கட்டத்தோடு நிறுத்தக் கூடாது. ஒரே கீயை அழுத்த அழுத்த கட்டம், வெள்ளை, கறுப்பு, பயனர் தேர்ந்த நிறம் என்று மாறிக்கொண்டே வர வேண்டும்.

கட்டத்தின் வேலை, இந்த இடத்தில் படம் இல்லை என்று சொல்வது. ஒரே நிறம் போட்டால் அந்த நிறம் படத்தில் உள்ளதா, பின்னாலிருந்து வருகிறதா என்று பிரித்தறிய முடியாது. போட்டோஷாப்பின் வழக்கமான கட்டம், 0 கறுப்பு, 255 வெள்ளை என்ற கணக்கில், 255, 204 என்ற இரண்டு அளவில் இருக்கும். கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள் 153, 102 என்று நடுச்சாம்பலில் வைத்திருக்கிறது. வியூவருக்கு கிம்ப் வழிதான் பொருந்தும். வெள்ளை ஐகான் 255/204 கட்டத்தில் பாதி காணாமல் போகும். நடுச்சாம்பலில் வெள்ளையும் தெரியும், கறுப்பும் தெரியும். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனலும் சமமாக இருக்கும் சாம்பலாக இருக்கட்டும். அழகுக்காகக் கொஞ்சம் நீலம் கலந்தால், பாதி டிரான்ஸ்பரன்ட் ஆன இடங்களின் நிறம் எல்லாம் நீலத்துக்குச் சாய்ந்துவிடும்.

கட்டம் தோற்கும் இடம் மென்மையான நிழல். 4 சதவீதக் கறுப்பு நிழல் 255ஐ 245 ஆக்கும், 204ஐ 196 ஆக்கும். மாற்றம் 10, 8. கட்டத்தின் இரண்டு நிறங்களுக்கு நடுவிலேயே 51 வித்தியாசம் இருக்கும்போது அந்த நிழலை யார் கவனிக்கப்போகிறார்கள்? நிழல் எங்கே முடிகிறது, கேன்வாஸ் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கிறதா என்று பார்க்க ஒரே நிறம் வேண்டும்: நிழலுக்கு வெள்ளை, ஒளிவட்டத்துக்குக் கறுப்பு.

தீமைப் பொறுத்துப் பின்னணி மாறவே கூடாது. ஒரே ஃபைலை இருவர் இரண்டு விதமாகப் பார்த்துக்கொண்டு போனில் விவாதிக்கும் நிலை அதனால்தான் வருகிறது. விண்டோ நிறம் தீமுடையது. படத்தின் சதுரத்துக்குள் இருப்பது வியூவருடையது. படத்தின் எல்லை தெரிய 1 பிக்சல் கோடு ஒன்றும் போடுங்கள். நான்கு பக்கமும் டிரான்ஸ்பரன்ட் ஆக இருக்கும் ஐகானில், ஓரத்தில் எவ்வளவு வெற்றிடம் விட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

வெப்தறி:

கட்டம் டீஃபால்ட் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. வியூவரைத் திறப்பவர்களில் பெரும்பாலோர் படம் வெட்டுகிறவர்கள் அல்ல. கணிதச் சமன்பாடு, வரைபடம், ஸ்கேன் செய்த கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப்: டிரான்ஸ்பரன்ட் பிஎன்ஜியாக வரும் இவையெல்லாம் வெள்ளைத் தாளை மனதில் வைத்துச் செய்தவை. 102/153 கட்டத்தின் மேல் மெல்லிய கறுப்பு எழுத்தில் உள்ள சமன்பாட்டைப் படித்துப் பாருங்கள், கண் வலிக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இணையத்தில் "டிரான்ஸ்பரன்ட் பிஎன்ஜி" என்று இறக்கிக்கொள்ளும் படங்கள் பலவற்றில் கட்டமே படத்தோடு சேர்த்து வரையப்பட்டிருக்கும். டீஃபால்ட் கட்டம் என்றால் போலியும் அசலும் ஒன்றுபோலத் தெரியும்.

அச்சுக்கோப்பவர்:

சமன்பாடு விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். அதற்கு வழி, பயனர் கடைசியாகத் தேர்ந்ததை வியூவர் நினைவில் வைப்பது. ஒருமுறை வெள்ளைக்கு மாற்றியவருக்கு அடுத்த முறையும் வெள்ளை. ஆனால் படம் கறுப்பாக இருக்கிறதா வெளுப்பாக இருக்கிறதா என்று வியூவரே கணக்குப் பார்த்துப் பின்னணியைத் தேர்வது வேண்டாம். ஒரு ஃபோல்டரில் அடுத்தடுத்த படங்களைப் புரட்டும்போது பின்னணி தாவிக்கொண்டே இருந்தால் இரண்டு படத்தை ஒப்பிடவே முடியாது.

போலிக் கட்டத்தைக் கண்டுபிடிக்க ஜூம் செய்தாலே போதும், நம் கட்டத்தைச் சரியாக வரைந்திருந்தால். வியூவரின் கட்டம் ஸ்கிரீன் பிக்சலில் 8க்கு 8 என்று நிலையாக நிற்க வேண்டும். படம் 400 சதவீதம் பெரிதானாலும் கட்டம் பெரிதாகக் கூடாது. கூடவே பெரிதானால் அது படத்தின் பகுதி. ஸ்டேட்டஸ் பாரில் ஆல்ஃபாவின் குறைந்த மதிப்பு, அதிக மதிப்பு இரண்டையும் காட்டினால் இன்னும் நல்லது. இரண்டும் 255 என்றால் அந்தப் படத்தில் டிரான்ஸ்பரன்சியே கிடையாது. சேனல் இருப்பது வேறு, அது பயன்படுவது வேறு.

வெப்தறி:

நினைவில் வைப்பது என்றால் சரி, கட்டமே முதலில் இருக்கட்டும்.

பிகேஜிடி பற்றி: அதை டீஃபால்ட் ஆக்காதீர்கள். வேறு பின்னணி இல்லாதபோது இந்த நிறத்தை வைக்கலாம் என்ற பரிந்துரை மட்டுமே அது. கட்டாயமில்லை என்று பிஎன்ஜி விதியே சொல்கிறது. பிரவுசர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை, பின்னணியை வலைப்பக்கம் தருவதால். கிம்ப்பில் எக்ஸ்போர்ட் செய்யும்போது பின்னணி நிறத்தைச் சேமிக்கவா என்று ஒரு டிக் பெட்டி வரும். அதை டிக் செய்தால் அந்த நேரத்தில் டூல்பாக்ஸில் என்ன பின்னணி நிறம் இருந்ததோ அது ஃபைலுக்குள் போய்விடும். படத்தைச் செய்தவர் யோசித்து வைத்த நிறம் என்று அதை நம்ப முடியாது. சுழற்சியில் ஒரு நிறுத்தமாக வையுங்கள், ஃபைலில் இருந்தால் மட்டும். அந்த நிறம் படத்தின் நிறவெளியிலேயே எழுதப்பட்டிருப்பதால் ஐசிசி மாற்றம் (ப்ரொஃபைலின்படி படத்தின் நிறங்களைத் திரைக்கு ஏற்ப மாற்றுவது) அதற்கும் உண்டு. உங்கள் சாம்பல் கட்டத்துக்குப் படத்தின் ப்ரொஃபைல் பொருந்தாது.

ரெண்டர்கூடம்:

கறுப்புக் கோட்டுக்கு வருகிறேன். சுருக்கும்போது மட்டும் வருகிறது என்றால், ஸ்ட்ரெயிட் ஆல்ஃபா (நிறத்தை ஆல்ஃபாவால் பெருக்காத) டெக்ஸ்சரை, அதாவது கிராஃபிக்ஸ் சிப்பில் ஏற்றிய படத்தை, அப்படியே லீனியர் ஃபில்டரில் (அக்கம்பக்கப் பிக்சல்களைச் சராசரி எடுக்கும் முறையில்) விட்டிருக்கிறீர்கள்.

பிஎன்ஜியில் நிறமும் ஆல்ஃபாவும் தனித்தனி. முழு டிரான்ஸ்பரன்ட் பிக்சலுக்கும் ஒரு நிறம் உண்டு, பெரும்பாலும் 0,0,0. முழுச் சிவப்புப் பிக்சல் ஒன்றும் அதன் பக்கத்தில் இப்படி ஒரு வெறும் பிக்சலும் இருக்கட்டும். பாதியாகச் சுருக்கினால் ஃபில்டர் இரண்டையும் சராசரி எடுக்கும்: சிவப்பு 128, ஆல்ஃபா 128. வெள்ளை மேல் வைத்தால் 191,127,127 என்று அழுக்குச் சிவப்பு. வர வேண்டியது 255,127,127. கண்ணுக்கே தெரியக்கூடாத கறுப்பு, சராசரியில் பங்கு கேட்டு உள்ளே வந்துவிட்டது. முதலிலேயே நிறத்தை ஆல்ஃபாவால் பெருக்கிவிட்டால், அதாவது ப்ரீமல்டிப்ளை செய்துவிட்டால், வெறும் பிக்சலின் பங்கு பூஜ்யமாகிவிடும்.

செய்ய வேண்டியது: பிஎன்ஜியைத் திறந்ததும் க்யூட்டி தரும் இமேஜ் ஸ்ட்ரெயிட் வகை. அதை ப்ரீமல்டிப்ளைடு ஃபார்மட்டுக்கு மாற்றிவிட்டு டெக்ஸ்சராக ஏற்றுங்கள். மிப்மேப்பும் (முன்கூட்டியே சுருக்கிவைக்கும் பிரதிகள்) அதிலிருந்தே உருவாகட்டும். பிறகு படத்தைப் பின்னணியோடு கலக்கும் ப்ளெண்ட் ஃபங்ஷனின் முதல் காரணியை சோர்ஸ் ஆல்ஃபா என்பதிலிருந்து ஒன்று என மாற்ற வேண்டும். இரண்டாவது, ஒன்று கழித்தல் சோர்ஸ் ஆல்ஃபா, அப்படியே. இந்த இரண்டு மாற்றமும் ஒரே கமிட்டில் போக வேண்டும். டெக்ஸ்சரை மட்டும் மாற்றினால் ஆல்ஃபா இரண்டு முறை பெருக்கப்படும்: ஆல்ஃபா 128 உள்ள வெள்ளைப் பிக்சல் வெள்ளைப் பின்னணியில் 255 ஆக வராமல் 191 ஆக வரும், வெள்ளை உருவத்தைச் சுற்றிச் சாம்பல் கோடு. ப்ளெண்ட்டை மட்டும் மாற்றினால் ஒளிந்திருந்த நிறம் முழுப் பலத்தோடு வெளியே வந்து, விளிம்பு பளீரென்று வெளுக்கும்.

ஆனால் ஸ்ட்ரெயிட் பிரதியைத் தூக்கிப் போடாதீர்கள். 8 பிட்டில் ப்ரீமல்டிப்ளை செய்ததைத் திரும்பப் பிரித்தால் பழைய மதிப்பு கிடைக்காது. ஆல்ஃபா 3 என்றால் ஒரு சேனலுக்கு 0, 1, 2, 3 என்று நான்கே படிகள்தான் மிஞ்சும். பிக்சல் மதிப்பு காட்டும் கருவியும் சேமிக்கும் வேலையும் மூலப் பிரதியைத்தான் படிக்க வேண்டும்.

நிறமாலை:

மாற்றிப் பார்த்தாயிற்று, கோடு போய்விட்டது. நன்றி. ஐசிசி மாற்றத்தை எந்த இடத்தில் வைப்பது?

ரெண்டர்கூடம்:

ப்ரீமல்டிப்ளைக்கு முன்னால். நிற மாற்றம் நேர்கோட்டில் போவதில்லை; ஆல்ஃபாவால் மங்கிய நிறத்தை அதற்குள் அனுப்பினால் விளிம்புகளின் நிறம் பிசகும். ஸ்ட்ரெயிட் நிலையில் ஐசிசி, பிறகு பெருக்கல், பிறகு அளவு மாற்றம், கடைசியில் பின்னணியோடு கலப்பு.

இது பிஎன்ஜி வழக்கு. எல்லா ஃபைலும் ஸ்ட்ரெயிட் ஆல்ஃபா என்று எழுதிவைத்தால் அடுத்த பிழை டிஃப் வகை ஃபைலில் வரும். டிஃப்பில் எக்ஸ்ட்ரா சாம்பிள்ஸ் என்று ஒரு டேக், எண் 338. அதில் 1 என்றால் ப்ரீமல்டிப்ளைடு, 2 என்றால் ஸ்ட்ரெயிட், 0 என்றால் அந்த நான்காவது சேனல் என்னவென்று சொல்லப்படவில்லை. 0 இருந்தால் அதை டிரான்ஸ்பரன்சியாகவே எடுத்துக்கொள்ளாமல் படத்தை முழுதாகக் காட்டி, சேனலைத் தனியே பார்க்க வழி கொடுங்கள். அவிஃப் வகைப் படத்தில் ஆல்ஃபா தனித் துணைப்படமாக வரும், ப்ரீமல்டிப்ளைடு என்றால் அதற்கெனக் குறி உண்டு. கேம்களில் வரும் டிடிஎஸ் ஃபைலில், டிஎக்ஸ்டி என்ற சுருக்க வகைகளில் 2, 4 ப்ரீமல்டிப்ளைடு. 3, 5 ஸ்ட்ரெயிட்.

சினிமா வேலையில் வரும் ஓபன்ஈஎக்ஸ்ஆர் ஃபைல் வழக்கப்படி எப்போதும் ப்ரீமல்டிப்ளைடு, அதிலும் ஆல்ஃபா 0 ஆக இருக்கும் இடத்தில் நிறம் 0.8 இருக்கலாம். அது பிழை அல்ல. தீ, லென்ஸ் பளபளப்பு போன்றவை பின்னால் இருப்பதை மறைக்காமல் ஒளியை மட்டும் கூட்டுகின்றன. முதலில் ஆல்ஃபாவால் வகுத்து ஸ்ட்ரெயிட் ஆக்கி, பிறகு மறுபடி பெருக்கும் வியூவரில் அந்தத் தீ முழுவதும் அணைந்துவிடும், பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்பதால். நேரடியாக, படத்தின் நிறத்தோடு பின்னணியை ஒன்று கழித்தல் ஆல்ஃபாவால் பெருக்கிக் கூட்டுங்கள். 1984இல் கணினி வரைகலை ஆய்வாளர்கள் போர்ட்டரும் டஃப்பும் எழுதிய கணக்கு அதுதான். அதற்கு இன்றும் மாற்று இல்லை.

ஃபைல் தப்பாகக் குறிக்கப்பட்டிருந்தால் பயனர் கையால் மாற்ற ஒரு மெனு வேண்டும். ஒரு சின்னச் சோதனையும் உதவும்: 8 பிட் படத்தில் எந்த ஒரு பிக்சலிலாவது நிறம் ஆல்ஃபாவை மிஞ்சினால் அது ப்ரீமல்டிப்ளைடு அல்ல. மிஞ்சவில்லை என்பதை வைத்து எதிர்ப்பக்கம் முடிவு கட்டக் கூடாது.

டெக்ஸ்சர்மணி:

எல்லோரும் ஆல்ஃபா என்றாலே டிரான்ஸ்பரன்சி என்று பேசுகிறீர்கள். கேம் வேலையில் பாதி ஃபைலில் அப்படி இல்லை. யூனிட்டி என்ற கேம் எஞ்சினின் ஸ்டாண்டர்ட் ஷேடரில் மெட்டாலிக் மேப்பின் (உலோகத்தன்மையைக் குறிக்கும் படத்தின்) ஆல்ஃபா, மேற்பரப்பின் வழவழப்பு அளவு. அந்தப் பிஎன்ஜியை வியூவரில் திறந்தால் சொரசொரப்பான இடமெல்லாம் ஓட்டையாகத் தெரியும். இதை ஃபைலிலிருந்து கண்டுபிடிக்க வழியே இல்லை, எனவே "ஆல்ஃபாவை விட்டுவிடு" என்று ஒரு கீ கட்டாயம். கூடவே சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா ஒவ்வொன்றையும் கறுப்பு வெள்ளைப் படமாகத் தனியே காட்ட நான்கு கீ.

ஆல்ஃபா தனிக்காட்சியில் இன்னொரு வசதியும் கேட்கிறேன். கட்அவுட் வேலையில் உயிரை வாங்குவது ஆல்ஃபா 1, 2, 3 என்று கிடக்கும் தூசிப் பிக்சல்களும், உடம்பு நடுவில் 255க்குப் பதில் 254 ஆக நிற்கும் பிக்சல்களும். கட்டத்தில் பார்த்தாலும் தெரியாது, ஆல்ஃபா சேனலில் பார்த்தாலும் தெரியாது. ஓரத்தை டிரிம் செய்யும் டூல் அந்த ஒரு தூசியையும் படம் என்று எடுத்துக்கொண்டு வெற்றிடத்தை விட்டுவைக்கும். 254 உள்ள உருவத்தை எஞ்சின் ஒளிபுகும் பொருள் என்று மெதுவான பாதையில் வரையும். 0க்கும் 255க்கும் இடைப்பட்டதை எல்லாம் ஒரு பளிச்சென்ற நிறத்தில் அடித்துக் காட்டும் காட்சி இருந்தால் ஒரு நொடியில் பிடித்துவிடலாம்.

32 பிட் பிஎம்பியையும் மறக்காதீர்கள். பழைய 40 பைட் ஹெடரில் நான்காவது பைட்டுக்குப் பொருளே கிடையாது, பெரும்பாலும் 0. அதை ஆல்ஃபா என்று படித்தால் படம் முழுவதும் மாயம். ஹெடர் பதிப்பு 4, 5இல் ஆல்ஃபா மாஸ்க் இருந்தால் மட்டும் நம்புங்கள். டிஜிஏ வகை ஃபைலும் இதே கதை. பதிப்பு 2இன் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஆல்ஃபாவின் வகை எழுதியிருக்கும், 3 என்றால் பயனுள்ள ஆல்ஃபா, 4 என்றால் ப்ரீமல்டிப்ளைடு.

வெப்தறி:

மணி சொன்ன "ஆல்ஃபாவை விட்டுவிடு" கீ பாதுகாப்புக்கும் தேவை. கிம்ப்பில் அழிப்பானால் ஒரு முகத்தையோ கணக்கு எண்ணையோ அழித்தால் ஆல்ஃபா மட்டும்தான் 0 ஆகிறது, நிறம் அடியில் அப்படியே கிடக்கும். எக்ஸ்போர்ட்டில் டிரான்ஸ்பரன்ட் பிக்சலின் நிறத்தையும் சேமி என்ற பெட்டி டிக்கில் இருந்தால், அழித்தது அத்தனையும் ஃபைலோடு போய்ச் சேரும். வெப்-பி என்கோடர் வழக்கமாக அந்த நிறத்தைக் கழித்துவிடும், எக்ஸாக்ட் ஆப்ஷன் கொடுத்தால் வைத்திருக்கும். வெளியே அனுப்பும் முன் ஒருமுறை ஆல்ஃபா இல்லாமல் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் வர வேண்டும். அதற்கு வியூவரில் கீ எளிதாகக் கைக்கு எட்ட வேண்டும், மூன்றாம் நிலை மெனுவுக்குள் போய் ஒளிந்திருக்கக் கூடாது.

நிறமாலை:

பின்னணியோடு கலப்பதை எந்த நிறவெளியில் செய்வது? லீனியரில், அதாவது ஒளியின் அளவுக்கு நேர் விகிதமான மதிப்புகளில், செய்வதுதான் ஒளியியல்படி சரி என்று பிஎன்ஜி விதி சொல்கிறது. செய்து பார்த்தால் படம் பிரவுசரில் தெரிவதிலிருந்து மாறிவிடுகிறது.

ரெண்டர்கூடம்:

மாறத்தான் செய்யும். வெள்ளை மேல் 50 சதவீதக் கறுப்பு: எஸ்ஆர்ஜிபி (சாதாரணப் படங்களின் வழக்கமான நிறவெளி) மதிப்புகளை அப்படியே கலந்தால் 128, லீனியரில் கலந்தால் 188. ஒளியின் கணக்கு 188 பக்கம். ஈஎக்ஸ்ஆர் போன்ற ஃப்ளோட் (தசம எண்களில் சேமித்த) படங்களுக்கு லீனியர் தவிர வேறு பேச்சில்லை.

வெப்தறி:

8 பிட் எஸ்ஆர்ஜிபி படங்களுக்கு 128தான் வேண்டும். அந்த நிழலை வரைந்தவர் போட்டோஷாப்பில் 128ஐப் பார்த்துத்தான் போதும் என்று நிறுத்தினார், பிரவுசரும் 128தான் காட்டப்போகிறது. வியூவர் 188 காட்டினால் நிழல் வெளிறி, கறுப்பு எழுத்து மெலிந்து, வெள்ளை எழுத்து தடித்துத் தெரியும். செய்தவர் பார்த்ததையே பார்ப்பவருக்கும் காட்டுவதுதான் வியூவரின் கடமை.

ரெண்டர்கூடம்:

வலைக்கான படம் என்றால் மறுக்கவில்லை. ஃபார்மட்டை வைத்துப் பிரியுங்கள்: ஃப்ளோட் என்றால் லீனியர், மற்றதற்கு எஸ்ஆர்ஜிபி, செட்டிங்ஸில் மாற்ற ஒரு வழி. ஒரு எச்சரிக்கை: எஸ்ஆர்ஜிபி டெக்ஸ்சர் ஃபார்மட்டைப் பயன்படுத்தினால் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) தானாக லீனியருக்கு மாற்றிவிடும். அதற்குள் எஸ்ஆர்ஜிபி மதிப்பில் ப்ரீமல்டிப்ளை செய்ததை ஏற்றினால் விளிம்பு மறுபடியும் கறுக்கும். ஆல்ஃபாவுக்கு காமா (எஸ்ஆர்ஜிபியையும் லீனியரையும் இணைக்கும் வளைவு) கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

அச்சுக்கோப்பவர்:

கட்டம் வரைவதில் மிச்சம் இருப்பவை. பிக்சல்கள் நெருக்கமான ஹைடிபிஐ திரையில் 200 சதவீதம் என்றால் சதுரம் 16 பிக்சல், இல்லையென்றால் கட்டம் பொடிப்பொடியாகி வெறும் சாம்பலாகத் தெரியும். அளவு ஸ்கிரீனைச் சார்ந்தாலும், தொடக்கப் புள்ளி படத்தின் இடது மேல் மூலையாக இருக்கட்டும். விண்டோ மூலையில் தொடங்கினால், படத்தை இழுக்கும்போது உருவம் நகர்ந்து கட்டம் நிற்கும், ஓட்டை வழியாக எதையோ பார்ப்பது போலக் கண்ணை உறுத்தும்.

அனிமேஷன் ஜிஃப்பில் கட்டத்தை ஃப்ரேம் பஃபருக்குள் வரையாதீர்கள். ஃப்ரேம்கள் ஒன்றின் மேல் ஒன்று சேரும் கேன்வாஸ் டிரான்ஸ்பரன்ட் ஆகவே இருக்க வேண்டும், கட்டம் கடைசியில் திரையில் மட்டும். ஒரு ஃப்ரேம் முடிந்ததும் அதை என்ன செய்வது என்று சொல்லும் டிஸ்போசல் மதிப்பு 2 ஆக வந்தால் பின்னணி நிறத்துக்குத் திருப்பு என்று விதியில் இருக்கும். பிரவுசர்கள் அந்த இடத்தை டிரான்ஸ்பரன்ட் ஆக்குகின்றன. ஜிஃப்பை உருவாக்குபவர்களும் அதை நம்பித்தான் செய்கிறார்கள், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

16 பிட் பிஎன்ஜியில் டிஆர்என்எஸ் என்ற டிரான்ஸ்பரன்சிப் பகுதி வழியாக ஒரு நிறத்தை மட்டும் டிரான்ஸ்பரன்ட் ஆக்கியிருந்தால், ஒப்பீட்டை 16 பிட்டிலேயே முடித்துவிட்டு 8க்குக் குறையுங்கள். முதலில் குறைத்தால் அக்கம்பக்கத்து நிறங்களும் சேர்ந்து ஓட்டையாகும். பேலட் (எண்ணிட்ட நிறப் பட்டியல்) படத்தில் டிஆர்என்எஸ் பட்டியல் பேலட்டைவிடச் சிறியதாக இருக்கலாம். விடுபட்ட எண்களுக்கு ஆல்ஃபா 255. இந்த வகைகளுக்கெல்லாம் பிஎன்ஜி சூட் என்ற சோதனைத் தொகுப்பில் தனித்தனி ஃபைல் இருக்கிறது.

நிறமாலை:

கடைசியாக ஒன்று. கட்டம் தெரியும் நிலையில் ஒருவர் காப்பி செய்தாலோ ஜேபெக்காகச் சேமித்தாலோ என்ன போக வேண்டும்?

அச்சுக்கோப்பவர்:

கட்டம் எந்த வழியிலும் வெளியே போகக் கூடாது. வெப்தறி சொன்ன போலிப் படங்கள் பெருகவே அது உதவும். கிளிப்போர்டில் மூல ஆல்ஃபாவோடு பிஎன்ஜி ஒன்று வையுங்கள். விண்டோஸில் பிஎன்ஜி என்ற பெயரில் பதிவு செய்யும் கிளிப்போர்டு ஃபார்மட்டைப் பல மென்பொருள்கள் படிக்கும். அதைப் படிக்காதவற்றுக்கு வெள்ளை மேல் தட்டையாக்கிய டிஐபி (விண்டோஸின் பழைய பிட்மேப் வடிவம்) ஒன்று. லினக்ஸில் இமேஜ் பிஎன்ஜி டார்கெட் போதும்.

ஜேபெக்கில் ஆல்ஃபா கிடையாது. சேனலை வெறுமனே வெட்டிவிட்டு என்கோடரிடம் கொடுத்தால் அடியில் ஒளிந்திருந்த நிறம், பெரும்பாலும் கறுப்பு, வெளியே வந்துவிடும். திரையில் ஒரே நிறப் பின்னணி இருந்தால் அதன் மேல் கலந்து சேமியுங்கள். கட்டம் இருந்தால் சேமிக்கும் பெட்டியிலேயே நிறத்தைக் கேளுங்கள், முன்கூட்டி வெள்ளை நிரப்பியபடி.